குட்டியை வாங்குமுன் தாயைக் காண்போம்

நம் சமூகத்து இல்லங்களில் நாய் வளர்க்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த நம் முன்னோர், களத்துமேட்டிலும் வாசல் திண்ணையடியிலும் தானாக வந்து படுத்த நாய்க்கு ஒரு பிடி சோறு இட்டனர். அதை விலை கொடுத்து வாங்கும் எண்ணம் அவர்களுக்குப் பெரும்பாலும் எழுந்ததில்லை. இன்று நகரங்களில் குடியேறிவிட்ட நம் பிள்ளைகளின் வீடுகளில் நிலை வேறு. பெயரன் பெயர்த்தியர் குட்டி வேண்டும் என்கின்றனர். பெற்றோரும் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவரிடம் சென்று, ஒன்றைத் தேர்ந்து வாங்கி வருகின்றனர்.

“நோயற்ற நல்ல குட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?” என்று நம்மிடமே சிலர் கேட்டதுண்டு. இது கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றே நாம் நினைத்திருந்தோம். சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பின், இது சிராவக சிராவகியர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று உணர்ந்தோம். அந்நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுவதே முறை. ஏனெனில் அதில் நம்முடைய தவறும் உண்டு.

கூண்டின் மூலையில் ஒரு குட்டி

பெயர்த்தியின் விருப்பத்திற்காக, மகன், மருமகள், பெயர்த்தி ஆகியோருடன் நாமும் ஓரிடத்திற்குச் சென்றிருந்தோம். நகரின் புறப்பகுதியில் ஒருவர் லாப்ரடார் இன நாய்களை வளர்த்து விற்று வந்தார். தகரக் கொட்டகையில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் ஐந்து குட்டிகள் இருந்தன. எவற்றைப் பார்க்க வேண்டும் என்று மருமகள் முன்னதாகவே ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தாள். கண்கள் பீளையின்றித் தெளிவாக இருத்தல் வேண்டும். மூக்கில் சளி ஒழுகலாகாது. ஈறுகள் இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். காதுக்குள் தீநாற்றம் கூடாது. வயிறு பானைபோல் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். வாலின் அடிப்பகுதி கழிச்சற் கறையின்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும். நடையில் நொண்டுதல் கூடாது. அழைத்தால் ஆர்வத்துடன் ஓடி வருதல் வேண்டும். யாவும் நல்ல அறிவுரைகளே. நான்கு குட்டிகள் இத்தேர்வில் தேறின.

ஐந்தாவது குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. மற்றவற்றில் பாதியளவே இருந்தது. கண்களில் பீளை கட்டியிருந்தது. அதன் முதுகின் மேல் ஏறி மற்றவை விளையாடியபோதும் அது எழவில்லை. “அதை விடுங்கள் அம்மா, வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன்” என்றார் விற்பவர். பெயர்த்தி நம் கையைப் பற்றிக்கொண்டு, “அதை யார் எடுத்துக்கொள்வார்கள், பாட்டி?” என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. பேச்சை மாற்றுவதற்காகவே, “இவற்றின் தாய் எங்கே?” என்று விற்பவரிடம் கேட்டோம். முதலில், தாய் வேறிடத்தில் இருப்பதாகச் சொன்னார். மீண்டும் மீண்டும் கேட்ட பின், கொட்டகையின் பின்புறத்தைக் காட்டினார். குறுஞ்சங்கிலியில் கட்டுண்டு கிடந்தது அத்தாய். விலா எலும்புகள் எண்ணத் தக்கனவாய்த் தெரிந்தன. மடி தொங்கி, காம்புகள் புண்பட்டிருந்தன. அவர் அருகில் சென்றதும் தலையைத் தாழ்த்தித் தரையோடு ஒடுங்கிற்று. இதுவரை எத்தனை ஈற்று ஈன்றது என்று வினவினோம். அவர் கணக்கு வைத்திருக்கவில்லை.

நல்ல குட்டிகள் நான்கில் ஒன்றையும் வாங்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்தோம். “அந்த நோய்க்குட்டியையாவது எடுத்துச் சென்று காப்பாற்றலாமே அம்மா” என்றான் மகன். “அதற்கும் விலை கொடுக்கக் கூடாது” என்று தடுத்தவர் நாமே. வெறுங்கையுடன் திரும்பினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் மகனை அனுப்பி, அக்குட்டிக்கு நம் செலவில் மருத்துவம் செய்ய அனுமதி கேட்கச் சொன்னோம். அவன் சென்றபோது கூண்டில் நான்கு குட்டிகளே இருந்தன. ஐந்தாவது எங்கே என்ற கேள்விக்கு அம்மனிதர் விடை கூறவில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

நாம் வாங்க மறுத்தது சரிதானா? இக்கேள்வியைப் பல நாள் எண்ணிப் பார்த்தோம்.

வினை மூவகையில் நம்மை வந்தடையும் என்பது ஜினநெறியின் துணிபு. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்களே. புலால் உண்பவர், “நான் கொல்லவில்லையே, விலைக்குத்தானே வாங்குகிறேன்” என்று சொல்லும்போது நம் குழந்தைகூட மறுமொழி தரும். வாங்குவோர் உள்ளமையால் அன்றோ கொல்வோர் உளர் என்று கேட்கும். அதே அளவுகோலை நாய்க்குட்டிக்கும் வைத்தல் வேண்டும். ஒரு குட்டிக்கு நாம் தரும் விலை, அக்குட்டியோடு முடிவதில்லை. அத்தாய் அடுத்த முறை ஈனுவதற்கும் அதுவே முன்பணம் ஆகின்றது.

நோயுற்ற குட்டியின் நிலையும் இதுவே. இரக்கத்தால் அதற்கு விலை கொடுப்போமாயின், ஓர் உயிர் மீளலாம். ஆயின் நோய்க்குட்டிக்கும் விலை கிடைக்கும் என்று விற்பவர் அறிந்துகொள்கிறார். தாய்க்கு நல்லுணவு இடுவதற்கும் கூண்டைத் தூய்மை செய்வதற்கும் அவருக்கு இருந்த ஒரே தூண்டுதலும் அதனால் குறைகின்றது. ஆகவே விலை கொடுக்க மறுத்தது தவறன்று என்றே இன்றும் கருதுகிறோம். நம் தவறு வேறிடத்தில் உள்ளது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

நாய் வளர்த்தலே சிராவகர்க்குத் தகுமா என்று கேட்போரும் உளர். ஊன் உண்ணும் விலங்குகளை வளர்ப்பதை அனர்த்த தண்டத்துள் சேர்த்து விலக்கிய ஆசாரியர்கள் உண்டு. அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. பூனை ஊனின்றி நலமாக வாழ இயலாத பிராணி. நாய் அவ்வாறன்று, சோறும் பருப்பும் செரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மருத்துவர் அறிவுரைப்படி புரதமும் பிற சத்துகளும் குறையாமல் அமைத்த மரக்கறி உணவில் அதை வளர்க்க இயலும். நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் தீங்கானவை என்பது பலர் அறியாதது. திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சாகும். இவ்வளவு கவனத்தையும் நாள்தோறும் செலுத்த இயலாதவர் வளர்க்காதிருத்தலே நன்று.

ஐந்து குற்றங்கள், ஐந்து கேள்விகள்

வளர்க்கத் துணிந்தவர் விற்பவரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும்? இதற்கெனப் புதிய நூல் தேட வேண்டியதில்லை. கொல்லாமை அணுவிரதத்திற்கு மாசாகும் குற்றங்கள் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துரைக்கின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றையே ஐந்து கேள்விகளாக எடுத்துச் செல்லலாம்.

கட்டுதல்: தாயும் குட்டிகளும் எங்கே வாழ்கின்றன? பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரை, குட்டி உலகைக் கற்கும் பருவம். மனிதர் குரல், வீட்டு ஓசை, பிற உயிர்கள் ஆகியவற்றை அப்பருவத்தில் அறியாமல் கூண்டிலேயே கிடந்த குட்டி, வாழ்நாள் முழுதும் அஞ்சி நடுங்குவதாகவோ கடிப்பதாகவோ ஆகிவிடுதல் உண்டு.

அடித்தல்: இதை வாயால் கேட்க வேண்டியதில்லை. வளர்ப்பவர் கையைத் தூக்கும்போது தாய் வாலை ஆட்டுகிறதா, தரையில் ஒடுங்குகிறதா என்று பார்த்தாலே போதும்.

உறுப்பை அறுத்தல்: டாபர்மேன் முதலிய சில இனங்களில் அழகு கருதி வாலை வெட்டுவதும் காதை நறுக்குவதும் வழக்கமாய் இருந்து வந்துள்ளன. நாய் தன் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் வாலாலும் காதாலுமே பேசுகின்றது. அவற்றை நறுக்குதல் அதன் மொழியைப் பறிப்பதாகும். வெட்டிய குட்டி வேண்டும் என்று கேட்பவர், தாமே கத்தியை எடுத்துக் கொடுத்தவர் ஆவார்.

மிகுபாரம்: நூல் எழுந்த காலத்தில் இது வண்டி மாட்டையும் பொதி கழுதையையும் நினைந்து சொல்லப்பட்டிருக்கலாம். இன்று ஓய்வின்றிச் சூல் கொள்ளும் பெண் நாயின் வயிறே மிகுபாரம் சுமக்கின்றது. நாய் ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமக்கும். அதன்பின் பல வாரம் பாலூட்டும். உடல் தேறுமுன்னரே மீண்டும் சினைப்படுத்தினால் தாயும் நலியும், குட்டிகளும் நலியும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் மைய அரசு 2017-ஆம் ஆண்டில் நாய் இனப்பெருக்கத்திற்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வகுத்தது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெறுதல் வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயை ஈனச் செய்யலாகாது. பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்பதற்கு வாங்குவோர் கூசுதல் வேண்டா.

உணவைத் தடுத்தல்: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. சிறிதாய் இருந்தால் எடுப்பதற்கு அழகு என்று நான்கு, ஐந்து வாரக் குட்டிகளைக் கேட்போர் நம்மிடையே உளர். தாய்ப்பாலினின்று பிரித்தல் உணவைத் தடுத்தலே அன்றோ? பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியே தாயின் நோய்த்தடுப்பு ஆற்றல் குட்டிக்குக் கிடைக்கின்றது. அது சில வாரங்களில் மெல்லக் குறையும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, ஏறத்தாழ பதினாறு வாரம் வரை, தடுப்பூசியைத் திரும்பத் திரும்ப இட வேண்டியுள்ளது. இந்த இடைவெளியில் பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய் தாக்கினால் குட்டி சில நாளில் மடியும். நோய்க்கிருமி உட்புகுந்து சில நாள் சென்ற பின்னரே அறிகுறி தோன்றுமாதலால், இன்று துள்ளி ஓடும் குட்டி அடுத்த வாரமே படுத்துவிடலாம். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குவதும், வாங்கிய இரண்டொரு நாளில் மருத்துவரிடம் காட்டுவதும் இன்றியமையாதன.

இவ்வைந்தையும் மீண்டும் ஒருமுறை நோக்குக. அறம் கேட்கும் கேள்விகளும் மருத்துவர் கேட்கும் கேள்விகளும் ஒன்றாகவே உள்ளன. வருந்தாத தாயின் வயிற்றில் பிறந்து, அதன் பாலை நிறையக் குடித்து, அதன் அருகில் விளையாடி வளர்ந்த குட்டியே பெரும்பாலும் நோயற்ற குட்டி. தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டியைப் பார்க்க வேண்டியதே இல்லை.

அழகும் நோயும்

இனத்தைத் தேர்வதிலும் இவ்வறம் உண்டு. 2003-ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் ஒருவனைப் பின்தொடர்ந்து சென்ற பக் இன நாய் நாடெங்கும் விரும்பப்பட்டது. அதன் தட்டை முகம் நமக்கு அழகு. அதற்கோ மூச்சுத் திணறல். நாய் வியர்த்துத் தணிவதில்லை, மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. மூக்கு குறுகிய நாய்க்கு நம் கோடை எத்தகைய துன்பம் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வினத்தில் எவ்வளவு தேடித் தேர்ந்தாலும், தேர்ந்த வடிவமே நோய்க்கு இடமாகின்றது. பனி நாட்டிற்கு உரிய அடர்மயிர் நாய்களைச் சென்னை வெயிலில் வளர்ப்பதும் அத்தகையதே.

நம் நாட்டு இனங்களிலும் இக்குறை உண்டு. ராஜபாளையம் நாயின் பால்வெண்மையைப் பலரும் போற்றுவர். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்களின் அஞ்சல்தலைகளுள் ஒன்று அதற்கு உரியது. ஆயின் தூய வெண்ணிற நாய்களிடையே பிறவிச் செவிடு மிகுதி. குட்டியின் பின்புறம் நின்று கைதட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களைக் கருத்துடன் காத்து வளர்ப்போர் இல்லையேல் அவை அருகிப் போகும் என்பதையும் மறுப்பதற்கில்லை. தாயைத் தம் வீட்டில் ஒருவராக வைத்து, ஆண்டு பல சென்று ஒருமுறை ஈனச் செய்து, குட்டி செல்லும் வீட்டையும் ஆராய்ந்து கொடுப்பவர்கள் உள்ளனர். அவர்களையும் கூண்டு வணிகரையும் ஒரே தட்டில் நிறுத்துதல் நீதியாகாது.

நாம் செய்யத் தவறியது

இனி, நம் தவற்றைக் கூறுவோம்.

ஆசிரியர் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற ஆண்டுகளில், பிள்ளைகளைத் தேர்ந்து எடுக்கும் உரிமை நமக்கு இருந்ததில்லை. சேர்ந்தவர் எவரோ அவரே நம் மாணவர். கடைசி வரிசையில் கண் வீங்கி அமர்ந்திருக்கும் பிள்ளை காலையில் உண்டு வந்ததா என்று பார்ப்பதே முதற்பணி என்று கற்றிருந்தோம். இளைய ஆசிரியர்களுக்கும் அதையே கூறினோம். அப்படிப்பட்ட நாம், அன்று கொட்டகையில் ஒரு நெறியைப் பற்றிக்கொண்டு, ஓர் உயிரைக் கடந்து வந்துவிட்டோம்.

விலை கொடுக்க மறுத்தது சரி. மறுத்த பின் வண்டியேறியதுதான் தவறு. விற்பவருக்குக் கொடுக்காத பணத்தை மருத்துவருக்குக் கொடுத்திருக்கலாம். அவ்விடத்திலேயே நின்று, மருத்துவரை அழைத்துவர மகனை அனுப்பியிருக்கலாம். தாயின் நிலையை அன்றே விலங்குகள் நல வாரியத்திற்கு எழுதியிருக்கலாம். மறுநாள் எழுதினோம், தாய்க்கு அது பயன்படட்டும். குட்டிக்கு அது உதவவில்லை. நம் கை மாசுபடாமல் திரும்பிவிட்டோம் என்னும் நிறைவைக் கருணை என்று எண்ணிக்கொண்டோம். விலகி நிற்றல் கொல்லாமையின் ஒரு பாதி. அருகில் சென்று துயர் களைதல் மறுபாதி.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நம் குடும்பங்களில் அறியாதவர் இலர். உணவைத் தீண்டிய குற்றத்திற்காக அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்தது அந்நாய். சீவகன் அதனருகில் அமர்ந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு இடர் நேர்ந்தபோது உதவியது. இக்கதையை மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். நாய் தேவனானதையே எப்போதும் வியந்து கூறினோம். சீவகன் அந்நாயை வாங்கவும் இல்லை, கடந்து போகவும் இல்லை என்பது இப்போதுதான் நம் கண்ணிற் பட்டது. பிழைக்காது என்று தெரிந்த உயிரினருகில் அமர்வதற்கு அவனுக்கு நேரம் இருந்தது.

சில மாதம் சென்றபின், கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் ஓர் இல்லத்திலிருந்து, வயது இன்னதென்று தெரியாத ஒரு பெண் நாயை மகன் வீட்டில் ஏற்றுக்கொண்டனர். மருமகள் அதே பட்டியலை எடுத்து வந்தாள். கண், மூக்கு, ஈறு, காது, வயிறு, நடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காதில் புண் இருந்தது. பின்னங்கால் ஒன்றில் நொண்டலும் இருந்தது. இம்முறை அப்பட்டியல் விலக்குவதற்காக அன்று, மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பயன்பட்டது. காது ஆறிவிட்டது. நொண்டல் இருக்கின்றது.

நம் வாசகர் இல்லங்களில் நாய்க்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டா. உடனே வாங்கவும் வேண்டா. வீடின்றி இருக்கும் உயிர் ஒன்றுக்கு நம் வீட்டில் இடம் உண்டா என்று முதலில் எண்ணுக. விலை கொடுத்தே வாங்குவதாயின் தாயைக் காண்க. ஐந்து கேள்விகளையும் கேட்க. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. நாம் கேட்க மறந்ததை அவர்கள் கேட்பார்கள். நம் பெயர்த்தி அன்று கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அவளும் மறந்ததாகத் தெரியவில்லை.

எவ்வுயிரும் துன்பம் நீங்கி இன்புறுக. அருகன் அறம் ஓங்குக.